வாடைக் காலமும் கோழிக்கூடும்



மார்கழி பிறந்துவிட்டால், வைகை அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோழி வளர்க்கும் தாய்மாருக்குக் கவலையும் பிறந்துவிடுகிறது. "பனி தாங்காமல் செத்துப் போகின்றன, சாமி" என்பார்கள். நான்கு கோழிதானே என்று நகரத்தார் எண்ணலாம். கூலி வேலைக்குச் செல்லும் ஒரு கைம்பெண்ணுக்கு அந்த நான்கும்தான் பிள்ளையின் பள்ளி ஏடு. கிறிஸ்து பிறப்பு விழாவின் புத்தாடை.

ஆனால் வளர்ந்த கோழியைக் கொல்வது பெரும்பாலும் பனியன்று. அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறைவன் உடுத்திய இறகுப் போர்வை அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. உறைபனி விழும் நாடுகளிலேயே கோழிகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆண்டிபட்டிக் குளிர் எம்மாத்திரம்! கேடு செய்வன ஈரமும் அடைபட்ட காற்றுமே. நாமோ குளிருக்கு அஞ்சி, உரச்சாக்கையும் பாலித்தீன் தாளையும் சுற்றிக் கூட்டை இடைவெளியின்றி மூடிவிடுகிறோம். கோழிகளின் மூச்சு ஈரம் வெளியேற வழியில்லை. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு எழுந்து, கண்ணையும் சுவாசக் குழலையும் புண்படுத்துகிறது. விடியலில் கூட்டைத் திறக்கையில் உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் உள்ளே இருந்த உயிர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வாடை வடகிழக்கிலிருந்து வீசுவது. ஆகவே அப்பக்கங்களில் மட்டும், கோழி அமரும் உயரத்திற்குச் சற்று மேல்வரை சாக்குப் படுதா தொங்கட்டும். கூரையடியில் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். கீரியும் பூனையும் நுழையாதபடி அங்கே கம்பிவலை அடியுங்கள். காலையில் படுதாவைச் சுருட்டிவிட்டால் இளவெயில் உள்ளே வரும். தரையில் நெல் உமியோ கடலைத் தொலியோ 4 அங்குல உயரம் பரப்பிக் கிளறிவர வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, அதை அள்ளிவிட்டுப் புதியது இடுங்கள். கோழி அடைவதற்கு உருட்டுக் கம்பைவிட 2 அங்குல அகலமுள்ள தட்டைச் சட்டமே நல்லது. அதன்மேல் அமர்ந்தால் வயிற்றிறகால் கால்விரல்களை மூடிக்கொள்ளும்.

குஞ்சுகளின் நிலை வேறு. இறகு முளைக்கும்வரை அவற்றிற்கு வெளிச்சூடு இன்றியமையாதது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை. தாய்க்கோழி இருந்தால், பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு நாம் உறங்கப் போகலாம். எருசலேமை எண்ணிக் கலங்கிய ஆண்டவர் அந்தச் சிறகையன்றோ தமக்கு உவமையாகக் கொண்டார்! விலைக்கு வாங்கிய குஞ்சுகளுக்கு மின்விளக்குத்தான் தாய். விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் சூடு போதாது; விலகி ஓடி வாய்திறந்து இரைத்தால் மிகுதி.

இம்மாதங்களில் முட்டை குறைவதற்கும் குளிரைப் பழிக்கவேண்டா. டிசம்பரில் நம் பகுதியின் பகற்பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணிநேரமே. முட்டையிடத் தூண்டுவது வெளிச்சம்.

எத்துணை நல்ல கூடும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது; அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி. கால்நடைத் துறையினர் பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர்தோறும் முகாம் நடத்துகிறார்கள். அன்று காலை கூட்டைத் திறந்துவிடாதீர்கள். மேயப்போன கோழியைத் துரத்திப் பிடிப்பதற்குள் ஊசி போடுபவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.