தேய்ந்த பேரிங்கும் நமது கல்வியும்

உலகில் இயங்கும் பொருள்கள் யாவும் தேயும் இயல்பின. தேய்வை முற்றிலும் ஒழித்தல் மக்களுக்கு இயலாதாயினும், அத்தேய்வு எவ்விடத்தில் நிகழவேண்டும் என்று வகுத்துக்கொள்ளுதல் அறிவினாற் கூடும். விலையுயர்ந்த பெரிய பொருள் கெடாதிருக்கும் பொருட்டுச் சிறிய பொருளொன்றைத் தேயவிட்டு, அது தேய்ந்தபின் புதியதொன்றை அவ்விடத்தில் அமைத்தலே இயந்திர நூலார் கண்ட உபாயம். மிதிவண்டிச் சக்கரத்தின் குடத்தினுள் மறைந்திருக்கும் பேரிங் என்னும் வளையம் இவ்வுபாயத்திற்குச் சிறந்த உதாரணமாகும். அதனை உரிய காலத்தில் மாற்றும் முறையை நம் மாணாக்கரும் மாணாக்கியரும் தம் கையாலேயே கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு.

குடமும் அச்சும் நம்மவர்க்குப் புதியன அல்ல. மாட்டுவண்டியின் அச்சுக்கு மையிட்டு ஓட்டியவர்கள் நம் முன்னோர். உராய்ந்து செல்வதை உருண்டு செல்வதாக மாற்றினால் உழைப்புக் குறையும் என்பதை மேனாட்டார் மிதிவண்டியில் நன்கு கண்டனர். பாரிஸ் நகரத்தவராகிய ஜூல் சூரிரே என்பவர் 1869ஆம் ஆண்டில் மிதிவண்டிக்குரிய குண்டுப் பேரிங்குக்கு உரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்பவர் அத்தகைய பேரிங் பூண்ட வண்டியிலேறி வெற்றியடைந்தார். 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துப் பிரீட்ரிக் பிஷர், எஃகுக் குண்டுகளைச் சம அளவினவாகத் தேய்த்தெடுக்கும் பொறியை அமைத்தார். நம் நாட்டிலும் 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பெற்றது.

மிதிவண்டிக் குடங்கள் இருவகையின. முதலாவது, கோனும் கப்பும் தனித்தனிக் குண்டுகளும் உடைய பழைய அமைப்பு. கோனைச் சிறிது இறுக்கியும் தளர்த்தியும் இதனைச் சீர் செய்யலாம். மற்றது, உள்வளையம், வெளிவளையம், குண்டுகள், கிரீஸ் ஆகிய யாவும் ஒன்றாய் அடைக்கப்பெற்ற கார்ட்ரிட்ஜ் பேரிங். இது புதிய கியர் வண்டிகள் பலவற்றில் காணப்படுகின்றது. தேய்ந்தபின் இதனை இறுக்கிப் பயனில்லை, மாற்றுதலே வழி.

திருவண்ணாமலைக்குப் போளூர்ச் சாலை, செங்கம் சாலை, வேட்டவலம் சாலை, அவலூர்ப்பேட்டைச் சாலை முதலிய வழிகளிலே நாள்தோறும் கிராமத்து மாணவர் மிதிவண்டியில் வருகின்றனர். 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றிவர 6,300 தடவைக்கு மேல் உருள வேண்டும். போகவர 20 கிலோமீட்டர் செல்லும் ஒரு மாணவியின் வண்டிச் சக்கரமோ நாளொன்றுக்கு 9,000 தடவைக்கு மேலும், 200 பள்ளி நாட்களில் 18 லட்சம் தடவைக்கு மேலும் உருளுகின்றது. கோடையின் புழுதியும் ஐப்பசி கார்த்திகை மழையின் சேறும் அக்குடத்தைத் தாக்குகின்றன. இந்நிலையில் பேரிங் தேய்வது வியப்பன்று. அதனை நாம் கவனியாதிருப்பதே வியப்பு.

கவனியாமையால் விளையுங் கேடு சிறிதன்று. சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியும்; உயர்த்திச் சுழற்றினால் கரகரவென்னும் ஓசை கேட்கும். அப்பொழுதே பார்த்தால் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். பாராது ஓட்டினால் குண்டுகள் சிதைந்து, பேரிங் அமரும் குழி அகன்று, குடமே பழுதாகும். பின்னர்ச் சக்கரம் முழுவதையும் மாற்ற நேரும். அப்பணமில்லாத வீட்டில் வண்டி சுவரோரம் சாய்த்து வைக்கப்படும். வண்டி நின்றால், தொலைவிலுள்ள பெண்பிள்ளையின் படிப்பும் நின்றுபோதல் உண்டு. 1991ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி கற்றதும், பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கியதும் பெருஞ்செயல்களே. ஆயினும் வண்டியைக் கொடுத்து அதனைப் பேணும் வித்தையைக் கொடாமை, விளக்கை ஈந்து எண்ணெய் ஈயாமை போலும்.

நிற்க. பேரிங் மாற்றும் முறை அரிதன்று. அதன் மூடியில் 6000, 6001 என்றாற்போல எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6001 என்பது உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். இவ்வெண்கள் உலகெங்கும் பொது. ஆகவே மிதிவண்டிக் கடையில் இல்லையெனினும், நீரேற்றும் மோட்டார்களுக்கும் மின்விசிறிகளுக்கும் பேரிங் விற்குங் கடையில் தேடலாம். உழவர் மிகுந்த நம் மாவட்டத்தில் இத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை. புழுதி மிகுதியாதலின் இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதை வாங்குதல் நன்று.

பழைய பேரிங்கை மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றலாம். அஃது எவ்வாறாயினும் கழிக்கப்படுவதே. புதியதைப் பொருத்துங்கால் மட்டும் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். குடத்தினுள் அமர்த்தும் விசை வெளிவளையத்தின் மேல் மட்டுமே செல்லல் வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் அவ்வடி குண்டுகளின் வழியே சென்று, அவை ஓடும் பாதையிற் பள்ளங்களை உண்டாக்கும். புதிய பேரிங் அன்றே பழையதாகிவிடும். குழியைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி, நீண்ட போல்ட்டு ஒன்றையும் வெளிவளையத்தின் அளவொத்த வாஷரையும் கொண்டு நேராக இறுக்கினால், சுத்தியல் இன்றியே அது சென்று அமரும். இத்துணைச் சிறிய விதியை அறியாமையாற் கெட்ட பேரிங்குகள் பல.

மாணவர் கையில் நூல் இருக்க வேண்டுமேயன்றி ஸ்பானர் எதற்கு என்பார் சிலர். பௌதிக வகுப்பில் உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகின்றவர், தம் வண்டியின் உராய்வை அறியாதிருத்தல் எவ்வகைக் கல்வி? கையில் கிரீஸ் படுதலை இழிவாக எண்ணும் மனப்பான்மை, உழைப்பாளரையும் இழிவாக எண்ணும் மனப்பான்மையின் உடன்பிறப்பேயாம். இனி, எல்லோரும் இதனைக் கற்றால் சைக்கிள் கடைக்காரரின் பிழைப்பு என்னாம் என்று இரங்குவாரும் உளர். அவ்விரக்கம் நல்லது. ஆனால் அவர்தம் பிழைப்பைக் கெடுப்பது பழுது பார்க்கக் கற்றவனல்லன். பழுது பார்த்தலையே மறந்து, பழையதை எறிந்து புதியதை வாங்கும் வழக்கமே அதனைக் கெடுக்கின்றது. வேலையின் அருமை அறிந்தவனே வேலைக்காரனுக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்பான்.

ஆகவே, நம் கல்லூரியில் ஓர் மேசையும், ஸ்பானர்கள் சிலவும், பேரிங் அமர்த்தும் போல்ட்டு ஒன்றும் கொண்ட சிறு பட்டறை அமைதல் வேண்டும். நகரத்தில் பல்லாண்டு தொழில் செய்த சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவரைத் தக்க ஊதியத்துடன் ஆசிரியராக அழைத்தல் வேண்டும். அவர் கோட்டணிந்தவரல்லர், எனினும் விரல் நுனியால் தேய்வை அறியவல்ல பண்டிதர். நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர் அவரிடம் கற்று, மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று அங்குள்ள வண்டிகளைச் சோதித்துக் கொடுப்பாராக. பழைய மாணாக்கராகிய அன்பர்கள் பேரிங்குக்குரிய சிறு தொகையை உதவுவாராக. பெரிய கட்டடம் எழுப்புதற்கு வேண்டும் பொருளில் மிகச் சிறு பகுதியே இதற்குப் போதும். பயனோ, காலையில் நெடுந்தொலைவிலிருந்து தனியே வண்டியேறி வரும் ஒவ்வொரு மாணவியும் தடையின்றி வகுப்பறை சேர்தலாகும்.