வெள்ள நிவாரணம்: பட்டியலில் இல்லாத கடைகள்

மஞ்சளாறு அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 51 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 53-ல் இரண்டாவது, 55-ல் மூன்றாவது. தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி கரையோர மக்களுக்கு இது பழகிப்போன அறிவிப்பு. 2025 அக்டோபரில் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு பெருகி வயல்களிலும் வீடுகளிலும் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கேட்பது, அரசு என்ன தரும் என்றுதான்.

முதலில் கைகொடுப்பது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. அதில் நூற்றுக்கு 75 ரூபாய் ஒன்றிய அரசுடையது, 25 ரூபாய் மாநிலத்துடையது. எதற்கு எவ்வளவு என்பதை வகுப்பது ஒன்றிய உள்துறை அமைச்சகம். 2022-26 காலத்துக்கான விதிப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000; அதுவும் சேதம் 33 சதவீதமாவது இருந்தால்தான், இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ரூ.6,900-க்கும் குறைவு. உரத்துக்கும் கூலிக்குமே அது காணாது என்பது விவசாயம் செய்பவருக்குத் தெரியும். நிவாரணம் என்ற பெயர் சரிதான். இழப்பை ஈடுகட்டும் தொகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் குடும்பங்களைச் சுடும் இடம் வேறு. நம்மில் பலருக்குப் பிழைப்பு கடைதான்: மளிகை, துணி, இறைச்சி, டீக்கடை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தொகை குறித்திருக்கும் அந்தப் பட்டியலில், நனைந்துபோன கடைச் சரக்குக்கு ஒரு வரி கூட இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தூத்துக்குடி, நெல்லையில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு ரூ.6,000 கொடுத்தது. சிறு வணிகருக்கென்று அறிவித்ததோ கடன்.

மாநிலத்துக்கே கேட்டது கிடைப்பதில்லை. அந்த மழைக்கும் மிக்ஜாம் புயலுக்கும் சேர்த்துத் தமிழகம் கேட்டது ரூ.37,000 கோடிக்கு மேல். 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து ஒன்றிய அரசு விடுவித்தது சுமார் ரூ.276 கோடி. வயநாடு நிலச்சரிவுக்குப் பின் மறுகட்டமைப்புக்காகக் கேரளத்துக்கு அனுமதித்த ரூ.529.50 கோடியும் கடனாகவே வந்தது. வட்டியில்லை, 50 ஆண்டு தவணை என்றாலும் கடன் கடன்தான்.

கிடைக்கிற இந்தச் சொற்பமும் காகிதத்தைப் பார்த்தே வருகிறது. குத்தகைக்கு உழுபவரின் பெயர் அடங்கலில் இல்லையென்றால், பணம் நில உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். சேற்றை வாரிக் கொட்டிய பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தால், அவர் எதைப் பார்த்து எழுதுவார்? பள்ளிவாசல் மண்டபத்தில் சோறாக்கிப் போடுவதில் நம் ஜமாஅத்கள் யாருக்கும் சளைத்தவையல்ல. அதே மண்டபத்தில் படித்த இளைஞர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, சேதத்தைப் படம் எடுத்து, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு மனு எழுதிக் கொடுக்கலாம். அடங்கலில் குத்தகைதாரர் பெயரைச் சேர்க்கும் வேலையை மட்டும் மழைக்கு முன்பே, சாகுபடி தொடங்கும்போதே முடித்துவிட வேண்டும்.