கேட்ட அன்றே சிகிச்சை: கைலாசபுரம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

திருச்சி கைலாசபுரம், திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் வாழும் பெற்றோர், ஆசிரியர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு இன்று வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆகிய நாங்கள் இந்தச் சாசனத்தை மாவட்ட ஆட்சியர், மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை, காவல்துறை, பெல் தொழிற்சாலை நிர்வாகம் ஆகியோர் முன் வைக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் போன வழி எங்களுக்குத் தெரியும். பள்ளிப் பருவத்தில் உதட்டுக்கடியில் வைக்கும் கூல் லிப் புகையிலையில் தொடங்குகிறது. அடுத்து கஞ்சாப் பொட்டலம். பிறகு வலி மாத்திரை. அதையே பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் ஊசி. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையைப் பார்த்த பிறகுதான் பல வீடுகளுக்கு விஷயம் புரிகிறது. அவர்கள் திரும்பி வந்த வழியும் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பிள்ளையே வாய் திறந்து, "என்னால முடியல, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்பான். அந்த மனநிலை அதிக நேரம் நிற்பதில்லை. போதை இறங்கி உடம்பு முறுக்கத் தொடங்கினால், சில மணி நேரத்தில் அவன் மறுபடி ஊசியைத் தேடிப் போவான். கேட்ட அன்றே கதவு திறக்கப்பெற்றவர்கள் மீண்டார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் அடுத்த வாரம் வரவில்லை.

சிகிச்சை ஓர் உரிமை என்பதைச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் பாதிப்பை மனநோயின் வரையறைக்குள் சேர்த்து, அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருப்பதாகக் காட்டியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் நாட்டின் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. வழிகாட்டிய மாவட்டம் இனியும் காத்திருக்கக் காரணம் இல்லை. எங்கள் கோரிக்கைகள் இவை.

1. துவாக்குடியில் எல்லா வேலைநாளும் போதை மீட்புப் புறநோயாளர் பிரிவு

துவாக்குடி அரசு மருத்துவமனையில், ஞாயிறு தவிர எல்லா நாளும், போதை மீட்புச் சிகிச்சைக்கு என ஒரு மருத்துவரும் ஒரு ஆலோசகரும் இருக்க வேண்டும். கைலாசபுரத்திலிருந்து புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கே போய் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். மாதத்தில் நான்கு முறை கூலியை இழக்க எந்த ஒப்பந்தத் தொழிலாளியாலும் முடியாது. அதனால்தான் தொடங்கிய சிகிச்சை பாதியில் நிற்கிறது. 2025-இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்தது. அதே முறையின் கிளையாகத் துவாக்குடிப் பிரிவு இயங்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு அறையும் ஒரு பணியாணையும் போதும். 30 நாளில் தொடங்க வேண்டும்.

2. சிறார்க்குத் தனிப் படுக்கைகள்

மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தியதும் மூக்கு ஒழுகும், வயிறு போகும், எலும்பெல்லாம் நோகும், தூக்கம் வராது. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றை வீட்டில் கட்டிவைத்துச் சமாளிக்க முடியாது, படுக்கை வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பெரியவர்களிலிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும், உடன் பாதுகாவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2017 சட்டமே கூறுகிறது. ஆகவே மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் சிறார்க்குத் தனிப் படுக்கைகளும், பெண்களுக்குத் தனி அறையும் ஒதுக்கப்பட வேண்டும். வெட்கத்துக்கு அஞ்சி மறைந்திருக்கும் பெண்பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். மூன்று மாதத்துக்குள் இது முடிய வேண்டும்.

3. மருந்துக்கடைப் பதிவேடுகளின் மாதாந்தர ஆய்வு

டிரமடால் வலி மாத்திரை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அந்த இடத்தை இப்போது டேபென்டடால் என்ற வலி மாத்திரை பிடித்திருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்பது விதி. மருந்து விதிகளின் எச்-1 பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால், வாங்கியவர், எழுதிய மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. டேபென்டடாலுக்கும் அதே போன்ற பதிவேட்டை மாவட்டம் முழுதும் கட்டாயமாக்க வேண்டும். மொத்த விற்பனையாளரிடமிருந்து கடைக்கு வந்த அட்டைகளின் எண்ணிக்கையையும் சீட்டுக்கு விற்ற எண்ணிக்கையையும் மருந்து ஆய்வாளர் மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். கணக்கு இடித்தால் உரிமத்தை நிறுத்த வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் மருந்தாளுநர்கள் இதை வரவேற்பார்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அடுத்த மாதமே தொடங்கலாம்.

4. பள்ளி வாசலில் 100 கெஜம்

கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இல் தமிழகம் தடை விதித்தது. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாணவர்களிடையே கூல் லிப் பரவுவதைக் கவலையுடன் சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அந்த எல்லைக்கோட்டைச் சாலையில் வண்ணத்தால் வரைய வேண்டும். எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு கடையையும் உள்ளாட்சி, காவல்துறை, உணவுப் பாதுகாப்புத் துறை மூன்றும் சேர்ந்து சோதிக்க வேண்டும். சிறுவனுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைக் கடைக்காரர்களுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்பம் வாங்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன் இது நடக்க வேண்டும். ஒவ்வொரு ஜூனும் ஒரு புது வகுப்பை அந்தக் கடைகளுக்கு அனுப்புகிறது.

5. மாணவனுக்குச் சிகிச்சை, டி.சி. அல்ல

பையில் பொட்டலம் இருந்தது என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவதால் பள்ளியின் பெயர் காக்கப்படலாம், பிள்ளை காக்கப்படுவதில்லை. காலை முதல் மாலை வரை அவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒரே இடமும் அவனுக்கு இல்லாமல் போகிறது. விற்றவன் அவனை எளிதில் சேர்த்துக்கொள்கிறான். ஆகவே, பழக்கத்துக்கு ஆளான எந்த மாணவனையும் அந்தக் காரணத்துக்காக நீக்கக் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் அரசு, தனியார் பள்ளிகள் அனைத்துக்கும் ஆணை அனுப்ப வேண்டும். பெற்றோரை அழைத்து, துவாக்குடிப் பிரிவுக்கு அனுப்பி, சிகிச்சை நாட்களை வருகை நாட்களாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அவன் பெயர் ஆசிரியர் அறையைத் தாண்டக் கூடாது. இது ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை.

6. கேட்டு வருபவனுக்கு வழக்கு இல்லை

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கும் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. இந்தப் பாதுகாப்பு பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. "போலீஸ் பிடிச்சுட்டா வாழ்க்கை போச்சு" என்ற பயத்தில் பிள்ளையை அறையில் பூட்டிவைக்கிறார்கள். இந்தப் பிரிவை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் மருத்துவமனையிலும் வைக்க வேண்டும். விற்பவனைப் பிடிக்கும் வேட்டை தொடரட்டும், அதற்கு நாங்கள் துணை நிற்போம். நோயாளியைச் சிகிச்சைக்கு அனுப்பிய எண்ணிக்கையும் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கில் சேர வேண்டும்.

7. தனியார் மறுவாழ்வு மையங்களின் பட்டியல்

வழி தெரியாத குடும்பம் நகையை அடகு வைத்துத் தனியார் மையத்துக்கு ஓடுகிறது. அங்கே மருத்துவர் இருக்கிறாரா, அடி விழுமா, மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்க்க விடுவார்களா என்று கேட்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. சங்கிலியிடுவதையும் கட்டாயமாக மொட்டையடிப்பதையும் 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. பதிவு இல்லாமல் மையம் நடத்தவும் கூடாது. மாவட்டத்தில் பதிவு பெற்ற மையங்கள், அவற்றின் மருத்துவர், படுக்கை எண்ணிக்கை, கட்டணம், கடைசியாக ஆய்வு நடந்த நாள் ஆகியவற்றை ஆட்சியர் அலுவலகம் வெளியிட வேண்டும். முன்னறிவிப்பில்லாத ஆய்வு நடக்க வேண்டும். குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்ற முறையைச் சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மையம் நடத்திக்காட்டியிருக்கிறது. அந்தத் தரம் திருச்சிக்கும் வேண்டும். பட்டியலை 15 நாளில் ஒட்டலாம்.

8. விடுப்பும் வேலையும்

இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் உண்டு. போதை மீட்புச் சிகிச்சைக்கும் அந்தச் சான்றைத் தயக்கமின்றி வழங்க வேண்டும். அந்த நாட்களைச் சாக்காக வைத்து ஒப்பந்தக்காரர் ஆளை மாற்றக் கூடாது. பெல் நிர்வாகம், கைலாசபுரத்தில் உள்ள தன் மருத்துவமனையில் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாரம் ஒரு நாள் போதை மீட்பு ஆலோசனை நடத்த வேண்டும். 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதே வளாகத்தில் இருக்கிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் மீண்ட இளைஞர்களுக்கு அதன் ஒவ்வொரு பயிற்சி அணியிலும் கட்டணமில்லா இடங்களை ஒதுக்க வேண்டும். கையில் தொழிலும் காலையில் போக ஓர் இடமும் இருப்பவன் பழைய கூட்டாளிகளைத் தவிர்க்க முடிகிறது. வெல்டிங்குக்குப் பெயர்பெற்ற ஊர், தன் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலைத் தர முடியும். அடுத்த பயிற்சி அணியிலிருந்தே இது தொடங்க வேண்டும்.

9. வீடு திரும்பிய பிறகு ஓராண்டுத் துணை

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவு ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடலாம். ஆகவே வீடு திரும்பும் ஒவ்வொருவரையும் ஓராண்டுக்குக் களப்பணியாளர் ஒருவர் பின்தொடர வேண்டும். ஊசி பகிர்ந்தவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-சி பரிசோதனை ரகசியமாகச் செய்ய வேண்டும். ஹெபடைடிஸ்-சி பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையில் குணமாகும், அரசுத் திட்டத்தில் அது இலவசம். மீண்டவர்களும் குடும்பங்களும் வாரம் ஒரு மாலை கூடிப் பேச ஒரு சமுதாயக் கூடம் தர வேண்டும். மறுபடி வழுக்கியவனைத் திட்டி அனுப்பக் கூடாது. சர்க்கரை ஏறினால் மருத்துவர் மருந்தைத்தான் மாற்றுகிறார். இங்கும் அதையே கேட்கிறோம்.

10. மாதந்தோறும் மக்கள் முன் கணக்கு

உதவிக்கு 14446, விற்பனை பற்றித் தகவல் சொல்ல 10581 என்று இரண்டு இலவச எண்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் தொழிற்சாலை வாசலிலும் பள்ளிச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். அத்துடன், மாதம் ஒரு முறை ஆட்சியர் தலைமையில் திருவெறும்பூரில் கூட்டம் நடத்தி, எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள், எத்தனை மருந்துக்கடைகள் ஆய்வு செய்யப்பட்டன, கேட்ட நாளுக்கும் மருத்துவரைப் பார்த்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று அறிவிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மீண்ட இளைஞர் இருவரும் பெற்றோர் இருவரும் உறுப்பினராக அமர வேண்டும். இந்த நோயை உள்ளிருந்து அறிந்தவர்கள் அவர்கள்.

இந்தப் பத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. அலுவலரும் கட்டடமும் இருக்கின்றன. நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி. சாசனத்தைப் பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள், எந்தக் கோரிக்கைக்கு எந்த அலுவலர் பொறுப்பு, எந்தத் தேதியில் முடியும் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். தேதி தவறிய ஒவ்வொரு கோரிக்கைக்கும், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று அடுத்து வரும் மாதக் கூட்டத்திலேயே பெயர் சொல்லிக் கேட்போம். எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம்: பிள்ளைகளை மறைத்துவைக்க மாட்டோம். சிகிச்சைக்கு நாங்களே அழைத்து வருவோம். மீண்டவர்கள் புதிதாக வருபவர்களுடன் உட்காருவார்கள். நாளைக் காலையே ஒரு பிள்ளை "கூட்டிட்டுப் போங்க" என்று கேட்கலாம். அவனை அன்றே கூட்டிப்போக ஓர் இடம் வேண்டும்.