ஆடும் பருவம்

விளையாட்டு என்னும் சொல்லைச் சிறுமை தோன்ற வழங்குதல் மக்களிடையே வழக்கமாகிவிட்டது. கருத்தூன்றாது செய்யும் செயலை விளையாட்டாய்ச் செய்தது என்பர். பொறுப்பு அறியாதவனை விளையாட்டுப் பிள்ளை என்பர். முதிர்ந்தோரைக் கருதிப் பிறந்த இவ்வழக்கு அவரளவில் பொருந்துவதாகுக. ஆனால், தொடக்கப் பள்ளியில் பயிலும் இளஞ்சிறார்க்கு விளையாட்டு வீண்பொழுது அன்று. உணவும் உறக்கமும் போல அவர்தம் வளர்ச்சிக்கு இன்றியமையாத வினை அது. அவ்வினைக்குரிய வேளையைப் பள்ளி நாள்தோறும் வழங்க வேண்டும். வழங்கிய வேளையைப் பிற பாடங்களின் பொருட்டுப் பறித்தல் கூடாது. அவ்வேளை ஒரு சிலர்க்கன்றி எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்பட வேண்டும்.

தமிழ்ச் சான்றோர் விளையாட்டின் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நான்காக எண்ணிய தொல்காப்பியர், அந்நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வமும் அறிவும் நிற்கும் வரிசையிலேயே விளையாட்டும் நிற்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமோ குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக் காட்டுகிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. இறுதி மூன்று பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற்கும் பெரும்பாலும் வரும். இவ்வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். புலவர் பெரும்பாலும் குழந்தையின் வளர்ச்சியை அது கற்ற எழுத்தைக் கொண்டு அளந்தாரல்லர். அதன் உடல் கற்ற அசைவைக் கொண்டே அளந்தனர். தலைநிமிர்தல், கைகொட்டல், நடத்தல், தேர் இழுத்தல், எறிந்து பிடித்தல் என ஒன்றன்மேல் ஒன்றாக உடற்கல்வியின் படிகள் அங்கே அமைந்துள்ளன.

இக்காலத்து மருத்துவ நூலார் கூறுவதும் இதனோடு ஒத்ததே. குழந்தை ஓடும்போதும் குதிக்கும்போதும் அதன் எலும்புகளின்மீது சுமை விழுகிறது. அச்சுமையைத் தாங்கும்பொருட்டு எலும்புகள் தம்மை வலுப்படுத்திக் கொள்கின்றன. மூச்சு விரைய ஆடுவதால் இதயமும் நுரையீரலும் உரம் பெறுகின்றன. பகலொளியில் வெளியே பெரும்பொழுது ஆடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை தோன்றுதல் அரிதாகிறது என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மை. எறிதல், பிடித்தல், ஒற்றைக் காலில் நிற்றல் முதலியன வயது ஏறியவுடன் முழுமையாகத் தாமே வந்துவிடுவன அல்ல. எழுத்தைப் போலப் பழகப் பழகவே திருந்துவன. இளமையில் அவற்றைப் பழகாத சிறுவன் பின்னாளில் ஆடுகளத்தைக் கண்டு நாணி ஒதுங்குகிறான். ஒதுங்குவதனால் மேலும் பழகாதொழிகிறான். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்கின்றன. தசைக்கும் எலும்புக்கும் வலிமை தரும் இயக்கம் வாரத்தில் 3 நாளேனும் அதில் இடம்பெற வேண்டும் என்பதும் அவற்றின் கருத்து.

சென்னை நகரின் வரலாற்றில் 1920ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் ஆரி குரோ பக் என்னும் அமெரிக்கர், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றை ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இந்நகரில் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று நந்தனத்தில் விளங்கும் உடற்கல்விக் கல்லூரியாயிற்று. அதே ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவு செய்தது. உணவும் ஆட்டமும் பள்ளியின் பொறுப்பே என்னும் எண்ணம் ஒரே நகரில் ஒரே ஆண்டில் இவ்வாறு முளைவிட்டது. அவ்விரண்டனுள் உணவுப் பணி ஊர்தோறும் பரவிற்று. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982ஆம் ஆண்டில் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவாகவும் அது விரிந்தது. 2022ஆம் ஆண்டில் மு. க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு உணர்ந்து செயற்பட்டது. ஆடாத குழந்தைக்கு உண்ட உணவின் முழுப்பயனும் கிட்டாது என்பதையும் அவ்வாறே உணர்ந்து செயற்படுதல் வேண்டும்.

இத்துறையில் ஒரு குறை வெளிப்படையாகவே உள்ளது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. வகுப்புகளுக்கு வேண்டும் விளையாட்டுக் கருவிகளையும் தரச் சொல்கிறது. ஆனால், உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை அச்சட்டத்தின் அட்டவணை குறிப்பது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கே. அங்கும் பிள்ளைகள் 100 பேருக்கு மேற்பட்டிருத்தல் வேண்டும். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு அதில் இல்லை. உடல் புதியனவற்றை எளிதில் பழகும் பருவம் எதுவோ, அப்பருவத்திற்கே தனிப் பயிற்றுநர் குறிக்கப்படவில்லை. அடித்தளத்தை விடுத்து மேல்மாடத்திற்குத் தச்சனைத் தேடுதல் போன்றது இது. தொடக்கப் பள்ளிகளுக்கும் உடற்கல்வி அறிந்தோர் வருதல் வேண்டும். அதுவரையில் வகுப்பாசிரியரே இளஞ்சிறார்க்கு உடற்கல்வி ஆசிரியருமாவார்; அதற்குரிய பயிற்சியை அவர் பெறுதற்கு வழிசெய்வது அரசின் கடன்.

கால அட்டவணையில் விளையாட்டு வேளை எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. கணக்கு முடியவில்லையெனின் அவ்வேளை கணக்குக்குப் போகிறது. தேர்வு நெருங்கினால் எல்லாப் பாடங்களுக்கும் அதுவே இரையாகிறது. இவ்வாறு செய்யும் ஆசிரியரை முற்றும் குறை கூறுதல் முறையன்று. பாடம் முடியாவிடில் மேலோர் அவரைக் கேட்கின்றனர். மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் கேட்கின்றனர். பிள்ளைகள் ஆடினரா என்று கேட்பார் ஒருவரும் இல்லை. கேள்வி எழாத இடத்தில் கடமை தேய்தல் இயல்பு. ஆதலின், பிள்ளை இன்று என்ன எழுதிற்று என்று வினவும் பெற்றோர், இன்று என்ன ஆடிற்று என்றும் வினவுதல் வேண்டும். நெடும்பொழுது அசையாதிருந்த குழந்தையின் கருத்துச் சிதறுவதும், ஆடி வந்த பின் அது பாடத்தில் தெளிவோடு அமர்வதும் வகுப்பறையில் காணக்கூடியனவே. விளையாட்டுக்குக் கொடுத்த பொழுது பாடத்திற்கு முற்றும் இழப்பாகாது.

இனி, இளஞ்சிறார்க்குரிய உடற்கல்வி எத்தகையது என்பதும் எண்ணற்பாலது. படைவீரர் போல வரிசையில் நிறுத்திக் கையை உயர்த்தவும் தாழ்த்தவும் ஏவுவது மட்டும் அவர்க்கு உடற்கல்வி ஆகாது. விரைந்தோடும் நால்வரைத் தேர்ந்தெடுத்துப் பரிசுக்குப் பழக்கிவிட்டு, மற்றையோரை ஓரத்தில் அமர்த்திக் கைதட்டச் செய்வதும் ஆகாது. தோற்றவரை உடனே வெளியேற்றும் ஆட்டங்களில் ஒரு தீங்கு உண்டு. முதலில் வெளியேறுவோர் உடல் மெலிந்தோரும் பழக்கம் குறைந்தோருமே. ஆட்டம் எவர்க்கு மிகுதியும் தேவையோ, அவரே அதனை முதலில் இழக்கின்றனர். அத்தகைய ஆட்டத்தை, வெளியேறியவர் சிறிது பொழுதில் மீண்டும் புகுமாறு மாற்றியமைத்தல் நன்று. களத்தைச் சுற்றி ஓடுமாறு ஏவித் தண்டித்தலும், தவறு செய்த பிள்ளையின் விளையாட்டு வேளையை நிறுத்துதலும் விலக்கத்தக்கன. முன்னது ஓட்டத்தின்மேல் வெறுப்பை வளர்க்கும். பின்னது வளர்ச்சிக்கு வேண்டுவதையே தடுக்கும்.

பொருள்வளம் இல்லையே என்று வருந்தும் பள்ளிக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர் விளையாட்டுகளே பெருஞ்செல்வம். பாண்டி ஆட்டத்திற்கு வேண்டுவன நிலத்தில் கீறிய சில கட்டங்களும் ஓர் ஓட்டுச் சில்லுமே. சில்லைக் குறித்த கட்டத்தில் எறிவதில் கண்ணும் கையும் ஒன்றுபடுகின்றன. ஒற்றைக் காலால் தாவுவதில் உடல் நிலைபிறழாமை வாய்க்கிறது. கோட்டை மிதியாது செல்வதில் அடக்கம் அமைகிறது. கோட்டை மிதித்தவள் தானே ஒப்புக்கொண்டு அடுத்தவளுக்கு இடம் விடுவதில் வாய்மை பழகுகிறது. கிளித்தட்டில் ஓடுதலும் திரும்புதலும் திடுமென நிற்றலும் கைவருகின்றன. பச்சைக்குதிரை தாவுதலைக் கற்பிக்கிறது. கல்லாங்காய் விரல்களுக்கு நயம் தருகிறது. கிட்டிப்புள்ளோ கண்ணுக்கு ஊறு செய்யக்கூடியது. ஆதலின் அதனைச் சிறு பிள்ளைகள் பெரியோர் காவலின்றி ஆடுதல் தகாது. இவ்வாறு ஒவ்வோர் ஆட்டத்தின் பயனையும் இடரையும் அறிந்து, வயதிற்கு ஏற்றவற்றைத் தேர்தல் ஆசிரியர் கடமை.

ஆடுகளத்தில் ஆண், பெண் என்னும் வேற்றுமை பாராட்டுதல் தவறு. சிறுவர் களம் முழுவதையும் பற்றிக்கொள்ளச் சிறுமியர் சுவரோரத்தில் நிற்பது பல பள்ளிகளில் காணும் காட்சி. எலும்பும் தசையும் இருபாலார்க்கும் உள்ளன. அவை வளர்தற்குரிய ஆட்டமும் இருபாலார்க்கும் உரியது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை வேடிக்கை பார்க்க விடுவதும் அறமன்று. பந்தினுள் மணியிட்டால் பார்வையற்ற குழந்தை அதன் ஒலியைப் பின்பற்றி ஆடும். சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தை எறிந்து பிடிக்கும் ஆட்டத்தில் முழுப்பங்கு கொள்ளும். மாற வேண்டுவது ஆட்டத்தின் விதியேயன்றி, அக்குழந்தையின் உரிமை அன்று.

பிள்ளை விழுந்து அடிபடுமே என அஞ்சும் பெற்றோரும் உளர். கல்லும் முள்ளும் கண்ணாடித்துண்டும் நீக்கிய நிலத்தில், ஆசிரியர் கண்காணிப்பில் ஆடும் குழந்தைக்கு நேரும் சிறு சிராய்ப்பு விரைவில் ஆறிவிடும். ஓடவே பழகாத உடலின் தளர்ச்சியோ நெடுங்காலம் உடன் வரும். கோடையில் நண்பகல் வெயிலை விடுத்துக் காலையிலோ மாலையிலோ ஆடச் செய்து, குடிநீரும் நிழலும் அருகே அமைத்தல் போதும். களமில்லாத பள்ளி, முற்றத்தையும் மரநிழலையும் முறைவைத்து வகுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர்தம் இல்லங்களில் தம்பியரும் தங்கையரும் உளர். தெருவில் சிறு பிள்ளைகள் பலர் உளர். கைப்பேசியின் முன் குனிந்திருக்கும் சிறுவனை அதனை விடுமாறு வைதால் மட்டும் அவன் விடான். உடன் ஆட ஒருவர் அழைத்தால் எழுந்து வருவான். நாளும் மாலையில் சிறிது பொழுது, மூத்தோர் இளையோரைக் கூட்டி, நிலத்தில் கட்டம் கீறி, மெலிந்தவனையும் அஞ்சியவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு ஆடுதல் வேண்டும். இன்றைய மாணவர் நாளை பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஆட்சியாளராகவும் வருவர். அந்நாளில் தொடக்கப் பள்ளியின் விளையாட்டு வேளையை எக்காரணத்தாலும் பிறர் கவராது காப்பது அவர்தம் கடமையாகும்.