பையன் போட்ட கணக்குல 10 சதவீதம், படிப்படியா போட்டா 81

"கணக்குல ஸ்டெப் எழுதலைன்னா மார்க் போயிடும்"னு நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பாங்க. என்னைக் கேட்டா, போறது மார்க் மட்டும் இல்லை, பணமும்தான்.

டி. கல்லுப்பட்டியில ஒரு அக்கா இட்லிக்கடை போட்டிருக்காங்க. தண்டல்ல பணம் வாங்குறாங்க. 10,000 ரூபாய் கடன். 1,000 பிடிச்சுக்கிட்டு கையில 9,000 தருவாங்க. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். "பத்து பர்சன்ட்தான் தம்பி, பரவாயில்லை"ன்னாங்க. ஏழாவது படிக்கிற அவங்க பையனும் மனசுலயே போட்டு "ஆமா, 10"ன்னான். தனிவட்டி அவன் பாடத்துலயே இருக்கு. அதனால நோட்டை எடுக்கச் சொன்னேன்.

வட்டி வீதம் = (வட்டி × 100) ÷ (அசல் × காலம்). சூத்திரம் அவனுக்கு மனப்பாடம். ஆனா எது அசல், எது காலம்னு தனித்தனி வரியா எழுதச் சொன்னதும் பேனா நின்னுடுச்சு.

முதல் வரி, அசல். கைக்கு வந்தது 9,000தானே, 10,000 எப்படி அசலாகும்? மாத்தினான். 10 இப்போ 11.1 ஆச்சு. இது சின்ன வித்தியாசம்தான்.

அடுத்து காலம். நம்மள்ல பெரும்பாலானவங்க வழுக்கி விழுற இடம் இது. வட்டி வீதம்னா ஒரு வருஷத்துக்குனு அர்த்தம். இங்க காலம் 100 நாள், அதாவது 100/365 வருஷம். அதை வச்சு வகுத்தா 40.6 சதவீதம். அக்கா அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க.

இன்னொரு வரி பாக்கி. அந்த 9,000 நூறு நாளும் அவங்ககிட்டயே இருந்துச்சா? இல்லையே, மறுநாள்ல இருந்தே திருப்பிக் கட்டுறாங்க. ஆரம்பத்துல கடன் 9,000, கடைசியில பூஜ்யம். சராசரியா கையில இருந்தது 4,500தான். அசல் இடத்துல 4,500 போட்டா 81 சதவீதம்! (இது சராசரிக் கணக்கு. கம்ப்யூட்டர்ல நாள்வாரியா துல்லியமா போட்டா 77, 78 வரும். ஆறுதல் பட்டுக்க ஒண்ணும் இல்லை.)

கூட்டல் கழித்தல்ல அந்தப் பையன் எங்கயும் தப்பு பண்ணலை. விடையை மட்டும் பார்த்திருந்தா அவன் எங்க ஏமாந்தான்னு நமக்கும் தெரிஞ்சிருக்காது. இப்போ போன்ல போட்டோ எடுத்தா விடை வந்துடுது. ஷார்ட்கட் சொல்லித் தர்ற வீடியோவுக்கும் குறைச்சல் இல்லை, நம்ம சேனல்லயே ரெண்டு போட்டிருக்கேன். ஆனா எந்த எண்ணை எந்த இடத்துல போடணும்ங்கிறதை நாமதான் யோசிச்சாகணும். கடன் குடுக்கிறவர் நமக்காக அதை எழுதித் தர மாட்டார்.

இந்த ஊர்லயேதான், காந்தி நிகேதன் ஆசிரமத்துல, ஜே.சி. குமரப்பா தன்னோட கடைசிக் காலத்தைக் கழிச்சார். லண்டன்ல கணக்கியல் படிச்ச மனுஷன். 1929-30ல குஜராத்தோட மாதர் தாலுகாவுல கிராமம் கிராமமாப் போய், விவசாயிக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வரி கட்ட என்ன மிஞ்சுதுனு ஆய்வு செஞ்சவர். "விவசாயி ஏழை"ன்னு ஒரே வரியில அவரும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தா அரசாங்கத்துகிட்ட யார் வாதாடியிருக்க முடியும்?

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2003ல தமிழ்நாட்டுல வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்துல தண்டல்ங்கிற பேரே வருது. ஆனா 10 சதவீதம்னு நம்பிட்டு இருக்கிறவங்க எதுக்குப் புகார் குடுக்கப் போறாங்க?

நான் கிளம்புறப்போ அக்கா கேட்டாங்க: "எதிர்த்த கடைக்காரருக்கு 8,500தான் கையில குடுக்கிறாங்களாம். அது எவ்வளவுடா வரும்?"

பையன் இந்தத் தடவை மனசுல போடலை. வட்டி 1,500, சராசரி அசல் 4,250, காலம் 100/365ன்னு வரிசையா எழுதினான். 128.8 வந்துச்சு. நம்பாம, மறுபடி முதல் வரியில இருந்து சரிபார்க்க ஆரம்பிச்சான்.