தேய்ந்த வெள்ளிக் காசுக்கு என்ன விலை?

கொல்லிமலை வாசலூர்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் படகுச் சவாரிதான் ஞாபகம் வரும். அந்த ஊரில் ஒரு பாட்டியின் பெட்டியில் நாலு வெள்ளி ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக அதை விற்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போன பிறகு, கடைக்காரர் சொல்வதுதான் விலை. நாலு கடை ஏறி இறங்கிக் கேட்க நேரம் இருக்காது. மலைக்குத் திரும்பும் பஸ் போய்விடும்.

அதனால் மலை இறங்கும் முன்பே விலை தெரிந்திருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பழைய வைத்தியக் குறிப்புகளில் வரும் "ஒரு ரூபாய் எடை" இதுதான். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தேயாத ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1,069 ரூபாய்க்கு வெள்ளி. 1944 ரூபாயில் 583 ரூபாய்க்கு. அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்கினால் அடிவிலை வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சில கடைகளில் காசைத் தராசில் வைப்பார்கள். 11.3 கிராம் காட்டும். அப்புறம் "தேஞ்சு போச்சும்மா" என்று தேய்மானத்துக்கு ஒரு தொகை கழிப்பார்கள். தேய்ந்த வெள்ளிதான் தராசிலேயே குறைந்துவிட்டதே! ஒரே தேய்மானத்துக்கு எதற்கு இரண்டு முறை கழிவு? அதே காசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும்போது மட்டும் அது "நூறு வருஷப் பொக்கிஷம்" ஆகிவிடுகிறது. வாங்கும்போது பழைய வெள்ளி, விற்கும்போது சரித்திரம். இது எந்த ஊர் நியாயம்?

வியாபாரிக்கு லாபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உருக்கினால் செலவு இருக்கிறது, நாளைக்கே வெள்ளி இறங்கலாம். அடிவிலையில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ அவர் எடுத்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் அதை லாபம் என்றே சொல்லட்டும், தேய்மானம் என்று சொல்ல வேண்டாம்.

விற்பவர்களும் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். பழசு என்பதாலேயே லட்சம் கிடைக்காது. முதல் உலகப் போர் சமயத்தில் இந்தியாவுக்கு ரூபாய் அடிக்க வெள்ளி போதாமல், 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அவ்வளவு அடித்த காசு எப்படி அபூர்வமாகும்? 1911 ரூபாய் போல சிலதுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். அதுவும் புளி போட்டுத் தேய்க்காமல், கழுத்தில் போட வளையம் பற்றவைக்காமல் இருந்தால்தான். பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் மோசடிகளை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

ஆகவே கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் நாலு எண்கள் எழுதித் தரட்டும்: எடை, வெள்ளி எத்தனை சதவீதம், இன்றைய விலை, தன் லாபம். நகைக்கு பில் கேட்கிற மாதிரி இதையும் கேட்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் காசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பஸ் காசு நஷ்டமானாலும் பரவாயில்லை. வெள்ளி பெட்டியிலேயே இருக்கட்டும், அது ஒன்றும் கெட்டுப்போகாது.