பக்கத்து வீட்டாரை நம்பியா வங்கிக் கணக்கு?

“பார்வையற்றவர்களுக்காக இணையதளத்தை ஏன் மாற்ற வேண்டும்? வீட்டில் யாராவது இருப்பார்கள், செய்து கொடுப்பார்கள்.” இந்த எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. இணையதளத்தை மாற்றச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகிறவரைக் காசு பறிக்க வந்தவர் என்றும் பேசுகிறார்கள். இரண்டுமே தவறு.

லோயர் கேம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குமுளி மலைச்சாலையின் அடிவாரம். பெரிய கடைவீதி என்றால் கூடலூர், கம்பம். மாவட்ட அலுவலகத்தில் வேலை என்றால் உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டித் தேனி வரை பஸ். கண் தெரிந்தவருக்கே ஒரு நாள் பிழைப்புப் போய்விடும். கைப்பேசியால் இந்த அலைச்சல் மிச்சமாவது இங்குள்ள பார்வையற்றவருக்குத்தான் மற்ற எவரையும்விடத் தேவை. ஆண்ட்ராய்டு போனிலேயே டாக்பேக் இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். ஆனால் செயலியைச் செய்தவர்கள் பட்டனுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். விரல் வைத்தால் “பட்டன்” என்று மட்டும் கேட்கிறது. பணம் அனுப்பும் பட்டனா, ரத்து செய்யும் பட்டனா? தெரியாது. குறை அவருடைய கண்ணில் இல்லை, எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சரி, யாராவது உதவட்டும் என்கிறீர்கள். ஓடிபியை, ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. கண் தெரியாதவர் மட்டும் அதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? பணம் பறிபோனால், நீங்கள்தானே எண்ணைச் சொன்னீர்கள் என்று கேட்க மாட்டார்களா? உதவும் மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறேன்.

அதற்குப் பிறர் தயவின்றித் தானே செயலியைப் பயன்படுத்த முடிய வேண்டும். அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது என்று சொல்லி, கட்டாய விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு வைத்தது. அடுத்தது 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூன், முழுப் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோரின் மனுக்கள். உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கண்ணைச் சிமிட்டு, செல்ஃபி எடு என்று கேட்கும் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பு முறைதான் அங்கே பிரச்சினை. சிமிட்ட இயலாதவருக்கு அதனால் கணக்கே மறுக்கப்பட்டது. நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் டிஜிட்டல் அணுகலை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகள் பிறப்பித்தார்கள்.

காசு பறிக்கும் பேச்சுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரே வக்கீல் அலுவலகம் வழக்குகளை அடுக்கடுக்காகப் போடுவது உண்டு, மறுக்கவில்லை. இங்கே நிலைமை வேறு. 2016 சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அதுவும் புகார் கொடுத்தவர் கைக்கு வராது. இதில் யார் பணக்காரர் ஆக முடியும்?

செலவுக் கணக்கும் பழைய சாக்குதான். 1999-இல் சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தை எதிர்த்துப் பார்வையற்ற புரூஸ் மகுவையர் புகார் செய்தபோது, திருத்தினால் பெருஞ்செலவாகும் என்றார்கள் அமைப்பாளர்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கட்ட வைத்தது. கட்டும்போதே சரியாகச் செய்தால் செலவு சொற்பம். இடித்துக் கட்டும்போதுதான் வலிக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தடையில் சிக்கும் ஒவ்வொருவரும் எழுத்தில் புகார் கொடுங்கள். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் தலைமை ஆணையர். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பார்வையற்றவர்களுக்காக ஓடிபி அடித்துக் கொடுக்கும் உறவினர்களே, அந்தப் புகாரை எழுதவும் கூட உட்காருங்கள்.